எழுபது நொடி

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
நாற்பத்து நான்கு என்கிறது.
நேற்றும் அதையே சொன்னதால்
பழுதோ என்று சந்தேகப்பட்டேன்.
ஹேண்டில் பிடியின் ரப்பர் உள்ளங்கையில் ஒட்டியது.
நம்பிவிட்டேன்.

செவியா நகரத்து ஜூலை, மாலை ஐந்து மணி.
மாலை என்பது ஒரு மரியாதைக்கு.
கடைகள் இன்னும் கண் திறக்கவில்லை.
ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நானூறு படுக்கை விரிப்புகள்
நீராவிக்குள் எனக்காகக் காத்திருக்கும்.

"வெந்தது போதாதென்றா
சைக்கிளில் போகிறாய்?" என்பாள்,
பனி என்று பொருள்படும் பேர் கொண்ட
என் அக்கா நியேவெஸ்,
ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்து.

காற்றே அசையாத இந்த ஊரில்
எனக்கு வேண்டிய காற்றை
நானே மிதித்துச் செய்துகொள்கிறேன்
என்பது அவளுக்குத் தெரியாது.
கியரை ஒரு பல் இறக்கி, அவசரமில்லாமல் மிதித்தால்
சட்டைக்கையில் புகுந்து முதுகு வழியே வெளியேறும்.
அதற்காகவே பையை முதுகிலிருந்து இறக்கிக்
கூடைக்குள் போட்டேன்,
வேலைச் சட்டை அதற்குள் சுருட்டியபடி.
தலையை நனைத்துத்தான் ஹெல்மெட் மாட்டுவேன்;
ஆற்றுப் பாலம் வருவதற்குள் முடி காய்ந்துவிடும்.
பாட்டிலைப் படுக்கவைத்துப் பாதி உறையவிட்டு
மீதியில் தக்காளிச் சாறு, பூண்டு தூக்கலாக.
சுற்றிப் போனால் எட்டு நிமிடம் அதிகம்;
ஆனால் வழிநெடுக
கசப்பு ஆரஞ்சு மரங்கள்.

நகர்ந்தால் பிழைக்கலாம்.
நிற்பதுதான் கொல்லும்.
அதுவும் சுற்றுச்சாலைச் சிக்னல்:
எழுபது நொடி சிவப்பு,
மேலே வானம் தவிர ஒன்றுமில்லை.

விளக்குக் கம்பத்தின் நிழல் இருந்தது.
கோட்டுக்கு ஆறடி பின்னால்,
பச்சைப் பாதைக்குக் குறுக்கே,
ஓர் ஆள் அகலம்கூட இல்லாமல்.
அதற்குள் தோளை ஒடுக்கி நிற்பேன்,
கொடியில் போட்ட சட்டை மாதிரி.

ஒருநாள் அங்கே ஆள் இருந்தது.
முதுகில் உணவு கொண்டுபோகும் பெட்டி.
"பாதி உங்களுக்கு" என்று நகர்ந்தான்.
இரண்டு முகங்களுக்கு நிழல் கிடைத்தது.
மற்றதெல்லாம் வெயிலுக்கு.

யூதோமார். மரக்கைபோக்காரன்.
"எங்கள் ஊர் வெயில் அவிக்கும்,
உங்களுடையது வறுக்கிறது" என்றான்.
பெட்டியைத் திறந்து
யாருடைய ஐஸ்கிரீமுக்கோ துணையாகப் படுத்திருந்த
ஜெல் பொட்டலத்தை எடுத்து
என் மணிக்கட்டில் பத்து நொடி வைத்தான்.
திரும்ப உள்ளே போட்டு மூடினான்.
"வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்."

மறுநாள் நான்,
கிழிந்து கழித்த தலையணை உறை ஒன்றை
ஈரம் சொட்டக் கொண்டுபோனேன்.
கழுத்தில் சுற்றிக்கொண்டான்.
ஓரத்தில் நீல மையில் ஆஸ்பத்திரிப் பேர்.

எழுபது எழுபது நொடியாக ஐந்து வாரம்.
கூட்டினால் அரை மணிகூடத் தேறாது.
அதற்குள் அவன் மகளுக்கு ஒரு பல் விழுந்தது.
என் செயின் இரண்டு முறை கழன்றது.
அவன் வாடகை ஒரு முறை ஏறியது.
கம்பத்து நிழல் ஒரு முழம் தள்ளிப்போனது;
நாங்களும் தள்ளி நின்றோம்.

ஆகஸ்ட் கடைசியில் நகராட்சி வந்தது, ஏணியோடு.
சிக்னலுக்கு மேலே
வெள்ளைத் துணிக் கூரை.
இருபது பேர் தாராளமாக நிற்கலாம்.
நின்றார்கள்.
நல்லதுதான். போன வருடம்
இதைக் கேட்டு மனுப் போட்டவளே நான்தான்.

அவன் அந்தக் கோடியில் இருந்தான்.
நடுவே ஒரு குழந்தை இருக்கை,
இரண்டு மின் ஸ்கூட்டர்,
கூடைக்குள் நாக்கைத் தொங்கப்போட்ட ஒரு நாய்.
கழுத்தில் அதே உறை,
நீல எழுத்து வெளுத்துவிட்டது.
பாட்டிலை உயர்த்திக் காட்டினான்.
நானும் காட்டினேன்.

பச்சை விழுந்தது.
எல்லோரும் மிதித்தோம்.
காற்று வந்தது,
அவரவருக்கு.